குட்டி டர்ட் பைக்கின் ஏர் ஃபில்டர்: தூசி ஓரத்தில்தான் நுழைகிறது

ஜூன், ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் கரையோரத்தில் மழை குறைவு. கரும்பு வெட்டும் பருவமும் அதுவே. டொங்காட், ஸ்டேங்கர் (இன்றைய பெயர் குவாடுகுசா) பக்கத்துத் தோட்டப் பாதைகளில் லாரிகள் போய்ப் போய் மண் மாவாகிக் கிடக்கும். வெட்டுவதற்கு முன் தீ வைத்த வயல்களின் சாம்பலும் அதில் கலந்திருக்கும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் 50 சிசி, 110 சிசி டர்ட் பைக்குகளை, அதாவது மண்பாதை மோட்டார்சைக்கிள்களை, ஓட்டுவது இந்தத் தூசிக்குள்தான். முன்னே போகும் வண்டியின் புழுதியை விழுங்கிக்கொண்டே ஒரு பகல் ஓட்டினால், இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டரை அன்று மாலையே கழற்ற வேண்டும். ஈரமண்ணில் தனியாக ஓட்டினால் இரண்டு மூன்று ஓட்டத்துக்கு ஒருமுறை போதும்.

சின்ன இன்ஜின் தூசியைத் தாங்காது. டூ ஸ்ட்ரோக் வண்டியில் காற்று பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறை வழியாகத்தான் மேலே போகிறது. அதனால் பிஸ்டன் மட்டுமல்ல, கிராங்க் பேரிங்கும் அரைபடும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் மண் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்த்துவிட்டு, ஆயிலில் இறங்கி, அதையே சாணை பிடிக்கும் பசையாக்கிவிடும். கம்ப்ரஷன் குறையும், கிக் அடித்தால் எளிதில் பிடிக்காது, நீலப்புகை வரும். அதன் பிறகு ஃபில்டரைக் கழுவிப் பயனில்லை.

கழற்றும் முன் வண்டியின் வெளிப்புறத்தைத் துடைத்துவிடுங்கள். சீட்டை அல்லது பக்கவாட்டு மூடியை எடுத்ததும் ஃபில்டர் உட்கார்ந்திருக்கும் பெட்டி, அதாவது ஏர்பாக்ஸ், தெரியும். ஃபில்டரை மெதுவாக, நேராக வெளியே எடுங்கள். சாய்த்தால் அதன் மேலிருக்கும் மண் இன்ஜினுக்குப் போகும் வாயில் கொட்டும். எடுத்தவுடன் அந்த வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிட்டுத்தான் ஏர்பாக்ஸைத் துடைக்க வேண்டும். துணியை மறந்து உள்ளேயே விட்டு மூடிவிடுபவர்களும் உண்டு; கண்ணில் படும்படி பளிச்சென்ற நிறத்தில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அடைக்கும் முன் ஒரு சோதனை: விரலில் வெள்ளைத்துணி சுற்றி அந்த வாயின் உட்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். நறநறவென்று மண் ஒட்டினால் தூசி ஃபில்டரைத் தாண்டிவிட்டது. பெரும்பாலும் அது ஃபில்டரின் பஞ்சான ஃபோமைத் துளைத்து வருவதில்லை. ஃபில்டரின் விளிம்பு ஏர்பாக்ஸில் சரியாகப் படியாத இடத்தில் புகுந்து வருகிறது. ஏர்பாக்ஸிலிருந்து, காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தாலும், அதன் கிளாம்ப் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். விளிம்பைக் கவனிக்காமல் ஃபோமை மட்டும் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவது வீண் உழைப்பு.

கழுவுவதற்குப் பெட்ரோல் வேண்டவே வேண்டாம். ஃபோமின் ஒட்டுப்பசையை அது இளக்கிவிடும். தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. ஃபோம் கிளீனர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் இங்கே பாரபின் என்று விற்கும் மண்ணெண்ணெய் போதும், அடுப்புக்கும் நெருப்புக்கும் தள்ளி, வெளியில் வைத்து. கையுறை போட்டு, ஃபோமைத் தாங்கும் கூட்டிலிருந்து அதைக் கழற்றி, பாரபினில் முக்கி அமுக்கி அமுக்கிப் பழைய ஆயிலை வெளியேற்றுங்கள். துணி பிழிவதுபோல் முறுக்கினால் தையலோரம் பிய்ந்துவிடும். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் இரண்டு முறை. கடைசியாக உள்ளிருந்து வெளிப்பக்கமாக நீரை ஊற்றி அலசுங்கள். மண் வந்த வழியே போகட்டும். அழுக்கான பாரபினைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒரு டப்பாவில் தெளியவிட்டால் மேலே நிற்பதை அடுத்த முறைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

நிழலில் உலர வேண்டும், குறைந்தது ஒரு நாள். டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் இரண்டு நாளும் ஆகும். ஈரம் மிச்சமிருந்தால் ஆயில் ஒட்டாது. இதற்காகத்தான் இரண்டாவது ஃபில்டர் ஒன்றை வாங்கி வைக்கச் சொல்வது. உலர்ந்ததும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒட்டு பிரிந்திருந்தாலோ, கிள்ளினால் துகள் உதிர்ந்தாலோ, விளிம்பு தட்டையாகி இறுகியிருந்தாலோ புதிது மாற்றிவிடுங்கள். வண்டியின் மாடலும் ஆண்டும் சொல்லி வாங்குங்கள். ஒரு மில்லிமீட்டர் சிறியதானாலும் விளிம்பு உட்காராது. காகித ஃபில்டர் உள்ள வண்டியில் கழுவலும் ஆயிலும் கிடையாது, மாற்றுவது மட்டுமே.

ஃபோமை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபில்டர் ஆயில் ஊற்றிப் பிசையுங்கள். 50 சிசி ஃபோமுக்கு 2 மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லி அளவில் தொடங்கலாம். வெளிறிய திட்டு இல்லாமல் நிறம் ஒரே சீராகப் பரவினால் சரி. சொட்டினால் அதிகம், பிழிந்துவிடுங்கள். கையேடு வேறு ஆயிலைச் சொல்லாதவரை சாதாரண இன்ஜின் ஆயில் வேண்டாம். அது மெல்லக் கீழே வடிந்து மேற்பகுதியைக் காயவிட்டுவிடும். ஃபில்டர் ஆயிலில் கரைப்பான் கலந்திருந்தால் டப்பாவில் சொன்ன நேரம் காத்திருந்து, பிசுபிசுப்பு ஏறியபின் மாட்டுங்கள்.

இனி விளிம்பு. ஃபோம் ஏர்பாக்ஸைத் தொடும் வளையம் முழுக்க நீர் புகாத கிரீஸை மெல்லிய கோடாகத் தடவுங்கள். கூட்டின் காது அதன் பள்ளத்தில் விழுந்ததா என்று பார்த்து, விரலால் சுற்றிலும் தடவி, பிறகு திருகை இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் கூடு வளைந்து மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். அடுத்த முறை கழற்றும்போது கிரீஸ் கோட்டைக் குறுக்காகக் கடந்த மண்தடம் இருந்தால், கசிவு எங்கே என்று அதுவே காட்டிவிடும்.

கடல்மட்டத்துக்கு ஏற்ற ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையுள்ள பாகம்) வைத்த கார்புரேட்டர் வண்டியை விடுமுறைக்கு ஜோஹன்னஸ்பர்க் கொண்டுபோகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஊர் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவதால் கலவையில் பெட்ரோல் கூடும், ஸ்பார்க் பிளக் கறுக்கும், வண்டி திணறும். அடைபட்ட ஃபில்டரின் அறிகுறிகளும் இவையே. ஆகவே அங்கே போனதும் முதலில் சுத்தமான ஃபில்டரை மாட்டிப் பாருங்கள். அப்படியும் திணறினால்தான் ஜெட்டைத் தொட வேண்டும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது மட்டும் கூடாது, ஐந்து நிமிடம்கூட.