மீன்கொத்தியும் மண்டோரின் மோட்டாரும்

மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெயரை 2007-ல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அப்பா ரப்பர் மரம் சீவிய தோட்டத்தில் இப்போது பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. பறவைகளைப் படம் எடுக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன்.

தவறு முதல் நாள் இரவே நடந்துவிட்டது. கேமராவை ஏர்கோன் அறையில் வைத்துவிட்டுத் தூங்கினேன். காலை ஆறே முக்காலுக்குச் செம்மண் சாலையில் பையைத் திறந்ததும் லென்ஸ் முழுக்க ஆவி. துடைத்து நிமிர்வதற்குள் மறுபடி வெள்ளை. கண்ணாடி சில்லென்று இருக்கும்வரை நம் ஊர் ஈரக்காற்று அதில் படிந்துகொண்டேதான் இருக்கும். சூடேற 25 நிமிடம் பிடித்தது. நல்லவேளை, 1982-ல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதால் இங்கே ஏழு மணிக்குப் பிறகுதான் சூரியனே வருகிறது. இனிமேல் பை இரவே ஏர்கோன் இல்லாத அஞ்சடிக்கு, வீட்டு முன் நடைக்கு, போய்விடும்.

தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் மாமா மோட்டார் சைக்கிளில் வந்தார். "என்ன தம்பி, பாம்பு பிடிக்கவா?" என்றார். கூகைப் பெட்டிப் பக்கம் மட்டும் போகாதே, குஞ்சு இருக்கிறது என்றும் சொன்னார். எலியைப் பிடிக்கும் கூகை ஆந்தைகள் தங்கத் தோட்டமே கம்பம் நட்டு வைத்திருக்கும் பெட்டிகள் அவை. சரி என்று கால்வாய்ப் பக்கம் உட்கார்ந்தேன்.

வெண்மார்பு மீன்கொத்தி ஒன்று, பேர்தான் மீன்கொத்தி, ஓர் அரணையைக் கவ்விக்கொண்டு பழைய கட்டையில் வந்து உட்கார்ந்தது. அரணையைக் கட்டையில் இடப்பக்கம் ஒரு அடி, வலப்பக்கம் ஒரு அடி அடித்தது. 'டக் டக்' என்ற சத்தம் எனக்கே கேட்டது. நான் படபடவென்று அமுக்கினேன். எல்லாம் கலங்கல். பனைமர நிழலில் கேமரா தானாக ஷட்டர் வேகத்தை 1/60 நொடிக்கு இறக்கியிருந்ததை நான் பார்க்கவே இல்லை. படத்தில் புள்ளி விழும் என்று பயந்து கேமராவின் ஒளியுணர்வான ஐஎஸ்ஓவை 400-லேயே பூட்டி வைத்திருந்தேன். புள்ளியையாவது பிறகு குறைக்கலாம். ஆடிப்போன அலகை என்ன செய்வது? 3200-க்கு ஏற்றி, 1/500 வைத்துவிட்டு, அதே கட்டையைப் பார்த்தபடி கொசுக்கடியில் காத்திருந்தேன். முக்கால் மணி கழித்து அதே இடத்துக்குத் திரும்பி வந்தது.

கொக்குகளை எடுத்ததில் இறகே தெரியவில்லை, வெறும் சுண்ணாம்பு. கறுத்த பனைக்கு முன்னால் வெள்ளைப் பறவை என்றால் கேமராவில் வெளிச்சத்தை ஒரு படி குறைத்து வைக்க வேண்டும்.

140 படத்தில் தேறியது மூன்று. பசியாறும்போது ஒட்டுக்கடையில் மாமாவிடம் எல்லாவற்றையும் காட்டினேன். தேறிய மூன்றையும் சட்டென்று தள்ளிவிட்டு, ஒரு கலங்கல் படத்தில் நின்றார். மீன்கொத்தி மங்கல், ஃபோகஸ் பின்னால் போய் அவருடைய மோட்டாரில் உட்கார்ந்திருந்தது, நம்பர்கூடப் பளிச்சென்று தெரிந்தது.

"இத வாட்சாப்புல போடு தம்பி" என்றார்.