வெள்ளம் வடிந்த பின் தொடங்கும் பசி

ஊரைத் தண்ணீர் சூழ்ந்திருக்கும் நாட்களில் உணவுப் பொட்டலங்கள் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுகின்றன. தண்ணீர் வடிந்து, செய்திகள் வேறு பக்கம் திரும்பிய பிறகு, அடுத்த அறுவடை வரை நீளும் மாதங்களில்தான் கிராமத்துக் குடும்பங்களை நீங்காத பசி பிடிக்கிறது. நிவாரணத்தை அந்த மாதங்களுக்காகவே திட்டமிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விவசாயக் குடும்பம் நின்ற பயிர், சேமித்த தானியம், விதை, கால்நடை, தீவனம், கூலி வேலை அனைத்தையும் ஒரே வாரத்தில் இழந்துவிடக்கூடும். நனைந்த தானிய மூட்டையைப் பிரித்தால் புளித்த வாடை முகத்தில் அடிக்கும். உள்ளே கைவிட்டால் வெதுவெதுப்பாக, கட்டி கட்டியாக ஒட்டிக்கிடக்கும். காயவைத்தால் சமைத்துவிடலாம் என்று வேறு வழியில்லாதவர்கள் நினைப்பது இயல்புதான். ஆனால் சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வெயிலிலும் கொதியிலும் முழுமையாக நீங்குவதில்லை. அது கல்லீரலைத் தாக்கும்.

பேரிடர் நிவாரணத்துக்கான ஸ்பியர் நெறிமுறைகள், தொடக்கத் திட்டமிடலுக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோ கலோரி என்று கணக்கிடுகின்றன. அதில் 10 முதல் 12 விழுக்காடு புரதத்திலிருந்தும், 17 விழுக்காடு கொழுப்பிலிருந்தும் வர வேண்டும். வெறும் தானியம் வயிற்றை நிரப்பலாமே தவிர, இந்தக் கணக்கை நிறைவு செய்யாது. பருப்பும் எண்ணெயும் அயோடின் கலந்த உப்பும் உடன் வர வேண்டும். விறகு ஈரமாகி, பாத்திரங்கள் அடித்துச் செல்லப்பட்டு, கிணற்று நீரும் கெட்டுப்போன வீட்டில் அவற்றைச் சமைப்பது எப்படி என்பதையும் வழங்குபவர்கள் யோசிக்க வேண்டும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது குழந்தைகளின் நிலை. வயிற்றுப்போக்கு உண்ட சத்தை உடலில் தங்கவிடாது. மெலிந்த குழந்தைக்கோ மீண்டும் வயிற்றுப்போக்கு வரும். உப்புச் சர்க்கரைக் கரைசலுடன் 10 முதல் 14 நாட்கள் துத்தநாக மருந்தும் தருவது இந்தச் சுழற்சியை உடைக்க உதவும். 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. ஒரு சாதாரண நாடாவைக் கொண்டு வீடு வீடாகச் சென்றே இதைக் கண்டறியலாம். நல்லெண்ணத்தோடு அனுப்பப்படும் பால்பவுடர், அசுத்த நீரில் கரைக்கப்படும்போது பச்சிளம் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகிறது. அதற்கு மாறாக, வீட்டில் பெரும்பாலும் கடைசியாகச் சாப்பிடும் பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோ கலோரி கூடுதலாகக் கிடைக்கச் செய்வதே சரியான உதவி.

விதைப்புப் பருவம் தவறினால் இன்னொரு பருவமும் பசியில் போகும் என்பதால், விதை உரிய காலத்தில் வந்தாக வேண்டும். அதோடு உணவும் வர வேண்டும். இல்லையென்றால் வந்த விதையும் உலையில்தான் போகும்.