வெறுங்கை மெக்ஃபீ

பிப்ரவரி 9
இந்த வாரம் முழுக்க பேஸ்பால் வீரர் பிட் மெக்ஃபீதான். 1882 முதல் 1899 வரை 18 சீசன், அத்தனையும் அமெரிக்காவின் சின்சினாட்டி அணிக்கே ஆடியவர். இடம் செகண்ட் பேஸ், அதாவது ஓடுபவர் தொட வேண்டிய நான்கு பேஸில் இரண்டாவதைக் காப்பவர். பேஸ்களை ஒட்டி நிற்கும் மற்ற இன்ஃபீல்டர்கள் கையுறைக்கு மாறிய பிறகும் 1896 வரை வெறுங்கையோடுதான் நின்றார். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு, 'ஸ்லிப்பில் நிற்பவரும் அப்படித்தானே' என்று தோன்றும். பேஸ்பால் பந்து எடையும் கொஞ்சம் குறைவு. ஆனால் செகண்ட் பேஸ்காரர் அடித்த பந்தைப் பிடித்தால் போதாது. விக்கெட் கீப்பர் மாதிரி மட்டைக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் முழு பலத்தோடு எறிவதையும் வாங்க வேண்டும், ஓடி வருபவர் காலில் சறுக்கிக்கொண்டு மோதும்போது.

பிப்ரவரி 10
உப்புத் தண்ணீரில் கையை ஊறவைத்து உரமேற்றிக்கொள்வாராம். சீசன் தொடக்கத்தில் வலிக்கும், அப்புறம் பழகிவிடும், கையுறை எதற்கு என்பது அவர் கட்சி. இத்தனைக்கும் ஸ்பால்டிங் என்ற இன்னொரு ஆட்டக்காரர் 1877லேயே கையுறை போட்டு ஆடிவிட்டார். விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தவர், போடாமல் இருப்பாரா!

பிப்ரவரி 12
1886ல் மெக்ஃபீ 529 புட்-அவுட் எடுத்தார், அதாவது பந்தைத் தன் கையில் வாங்கி அவுட்டை முடித்தது அத்தனை தடவை. செகண்ட் பேஸில் ஒரே சீசனில் அவ்வளவு எடுத்தவர் இன்றுவரை வேறு யாருமில்லை. இனியும் கஷ்டம்தான். இப்போது ஸ்ட்ரைக்-அவுட் (பந்தை ஆட்டத்துக்குள் அடிக்காமலேயே அவுட்டாவது) பெருகிவிட்டது, இன்ஃபீல்டுக்குப் பந்து வந்தால்தானே?

பிப்ரவரி 15
1896ல் விரலில் காயம். வேறு வழியில்லாமல் கையுறை மாட்டினார். அந்த ஆண்டு அவருடைய ஃபீல்டிங் சராசரி .978, அதாவது 1000 வாய்ப்பில் 22 மட்டுமே பிழை. அவருடைய இடத்தில் 1919 வரை அதை யாரும் தாண்டவில்லை. வயதோ 36. எல்லோரும் வெறுங்கை வீரம் என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு இந்தக் கணக்கைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பத்து வருஷம் முன்னாடியே மாட்டியிருக்கலாமே மனுஷன்! பிடிவாதம் வேறு, திறமை வேறு. அவரிடம் இரண்டும் இருந்தன, நாம் பாராட்டுவது என்னவோ பிடிவாதத்தை.

பிப்ரவரி 16
1901ல் சின்சினாட்டிக்கே மேனேஜர். அணி கடைசி இடம். அடுத்த ஆண்டு நடுவிலேயே விலகிவிட்டார். சரி, விடுவோம்.

பிப்ரவரி 20
1943ல் சான் டியேகோவில் இறந்தார். பேஸ்பால் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது 2000ல், 57 ஆண்டு கழித்து. மட்டையாலும் 180க்கு மேல் டிரிபிள் (ஒரே அடியில் மூன்றாம் பேஸ் வரை ஓடுவது) அடித்தவர்தான், ஆனாலும் ஃபீல்டிங்கில் பேர் வாங்கியவர்களுக்கு ஓட்டு சுலபத்தில் விழாது. அடுத்து ராஸ் பார்ன்ஸ். 1876ல் மட்டைச் சராசரி .429 எடுத்தவர். அவருக்குக் கை கொடுத்த ஃபேர்-ஃபவுல் அடியை (கோட்டுக்குள் குத்தி வெளியே ஓடிவிடும் பந்து) மறு ஆண்டே விதியை மாற்றி ஒழித்துவிட்டார்கள். அவர் இன்னும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு வெளியேதான்.