நாற்காலியின் நான்காவது கால்

மார்ச் 3
இரண்டு வாரமாக ஒரே நாற்காலியைத்தான் வரைகிறேன். இன்று கரியை எடுத்து, நாற்காலியை விட்டுவிட்டு, கால்களுக்கு நடுவே தெரியும் தரையையும் சுவரையும் மட்டும் வரைந்தேன். சாய்ந்த நாற்கரம், ஒடுங்கிய முக்கோணம் என்று ஐந்து வெற்றிடங்கள். முடித்துவிட்டுப் பார்த்தால், வரையாத நாற்காலி தானாக வந்து நிற்கிறது. நேராக வரைந்தவற்றைவிடத் திடமாகவே நிற்கிறது.

மார்ச் 7
கேன்வாஸுக்கு மாற்றினேன். சரியாக வரவில்லை.

மார்ச் 10
பிக்காசோவின் எருதுகளை மறுபடி பார்த்தேன். 1945 டிசம்பரில் தொடங்கி 1946 ஜனவரி வரை, 11 நிலைகளில் செய்த கல்லச்சு வரிசை. கடைசி எருது ஒருசில கோடுகள்தான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது இரண்டாவது எருது. முதல் எருதைவிட அது கனத்துப்போயிருக்கிறது! கழிப்பதற்கு முன் கூட்டியிருக்கிறார். நான் போதுமான அளவு பார்க்காமலேயே கழிக்கத் தொடங்கிவிட்டேன் என்று தோன்றுகிறது. இருக்கையின் விளிம்பில் வார்னிஷ் தேய்ந்த இடத்தைக்கூட இன்றுதான் கவனித்தேன்.

மார்ச் 15
நாள் முழுவதும் ஒரே இடத்தில் கழிந்தது. கால் தரையைத் தொடும் இடத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓர் இருட்டு. நான்கு கால்களிலும் அதைத் துணியால் துடைத்தேன். நாற்காலி தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. மிச்சம் பழுப்புப் பட்டைகளும் அவற்றுக்கிடையே சாம்பல் நிறமும்தான். இருட்டைத் திரும்ப வைத்தேன், எடை வந்து இறங்கியது. ஆறு முறையாவது துடைத்து வைத்திருப்பேன். உருவத்துக்கும் அரூபத்துக்கும் இடையே இவ்வளவுதானா தூரம்?

மார்ச் 16
அந்தி வெளிச்சத்தில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்த தன் ஓவியத்தையே அடையாளம் தெரியாமல் வியந்து நின்றதாக, அரூப ஓவியத்தின் முன்னோடியான கண்டின்ஸ்கி எழுதியிருக்கிறார். மறுநாள் பகலில் அதே உணர்வைத் தேடினார்; பொருள்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததால் பாதிதான் கிடைத்தது. பொருள்கள் தன் ஓவியங்களைக் கெடுக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். அவர்மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு. ஆனாலும் இதை ஏற்க மனம் வரவில்லை. அடையாளம் தெரியவரும் அந்தக் கணமும் ஒரு நிறத்தைப்போல ஓவியத்துக்குள் வேலை செய்கிறது. அதை எப்போது வரவிடுவது என்பதில்தான் என் அக்கறை.

மார்ச் 21
மூன்று கால்களின் இருட்டைத் துடைத்துவிட்டேன். நான்காவதில் மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். முதலில் பட்டைகள் தெரிகின்றன. கண் கீழே இறங்கி அந்தப் புள்ளியைத் தொட்டதும் நாற்காலி வருகிறது. நிமிர்ந்தால் போய்விடுகிறது. ஈரம் காயும்வரை கை வைக்கப்போவதில்லை.