பின்னேரம் பாருங்கள் டொக்டர்

மார்ச் 3, செவ்வாய்
இன்றும் ஸ்ட்ரெஸ் என்றுதான் சொன்னார். காலை எட்டரைக்குப் போனால் இடது இமை ஒழுங்காகத்தான் நிற்கும். அதனால்தான் உட்கார்ந்ததுமே சொன்னேன், பின்னேரம்தான் விழுகிறது டொக்டர் என்று. எம்.ஆர்.ஐ படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூளையில் ஒன்றுமில்லை, சந்தோஷப்படுங்கள் என்றார். நித்திரைக்குக் குளிசை எழுதித் தந்தார். எல்லாம் நான்கு நிமிடம்.

மார்ச் 4
குளிசை போடவில்லை.

மார்ச் 7, சனி
வெள்ளவத்தைக் கடற்கரையில் தம்பியோடு இருட்டும்வரை இருந்தேன். ரயில் வந்தபோது அதன் விளக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டாகத் தெரிந்தது. ஒரு கண்ணைப் பொத்தினேன், ஒன்றாகிவிட்டது. மற்றக் கண்ணைப் பொத்தினாலும் அப்படித்தான். மனக்கவலைக்கு இப்படிக் கணக்காக வரத் தெரியுமா?

மார்ச் 10, செவ்வாய்
தம்பி கிளினிக் துண்டை வாசித்துச் சொன்னான். "பார்வை மங்கல்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறதாம். நான் மங்கல் என்று ஒருதரம்கூடச் சொல்லவில்லை. இரண்டாகத் தெரிகிறது என்றேன், பக்கத்தில் நின்ற நேர்ஸ் அதைச் சிங்களத்தில் சொன்னா, அவர் கேட்டதை எழுதினார், அவ்வளவுதான் நடந்தது, ஆனால் அந்த ஒரு சொல்லால் இரண்டு மாதமாக நான் கண்ணாடிக் கடைக்கும் வீட்டுக்கும் அலைந்திருக்கிறேன். நேர்ஸில் பிழை சொல்ல மனம் வரவில்லை, பாவம், அவவுக்கு வெளியே ஐம்பது பேர் நிற்கிறார்கள். எழுதியதை எனக்கு ஒருக்கால் வாசித்துக் காட்டுங்கள் என்று நான் கேட்டிருக்கவேண்டும். இனிக் கேட்பேன். மேல்வீட்டு ஆன்ட்டியிடம் சிங்களத்தில் பழகிக்கொண்டேன்: தெகக் பேனவா. இரண்டாகத் தெரிகிறது.

மார்ச் 11
இரவு 8.40. விழுந்துவிட்டது. படம் எடுத்தேன்.

மார்ச் 15, ஞாயிறு
காலை 7, மதியம் 1, இரவு 8.40. ஐந்து நாள், பதினைந்து படம். வரிசையாகப் பார்த்தால் யாருக்கும் விளங்கும். "பெரிய டொக்டரிட்ட வாய் காட்டாத பிள்ளை, கோபம் வந்தா ஒழுங்காப் பாக்கமாட்டார்" என்கிறா அம்மா. வாய் காட்டவில்லை அம்மா, படம்தான் காட்டப்போகிறேன்.

மார்ச் 18, புதன்
வேறு நரம்பு டொக்டர். கடைசி இலக்கம்தான் வேண்டும் என்று கேட்டுச் சனல் பண்ணினேன், அதாவது முன்பதிவு செய்தேன். உள்ளே போகும்போது இரவு எட்டு மணி தாண்டிவிட்டது, இமை பாதிக் கண்ணை மூடியிருந்தது. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேலே பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார், இமை இன்னும் இறங்கியது. பிறகு ஐஸைத் துணியில் சுற்றி மூடிய கண்ணில் 2 நிமிடம் வைத்தார். எடுத்ததும் இமை மேலே போய்விட்டது! தம்பி வாயைப் பிளந்துகொண்டு நின்றான், எனக்கு அழுகை வந்துவிட்டது.

மயஸ்தீனியா கிராவிஸ் என்று சந்தேகமாம். நரம்பு தசைக்குச் செய்தி கொடுக்கும் இடத்தை உடம்பின் எதிர்ப்புச்சக்தியே தாக்குகிறது, பாவிக்கப் பாவிக்கத் தசை களைக்கும், ஓய்வெடுத்தால் திரும்பும் என்றார். அதுதான் காலையில் நன்றாக இருக்கிறேன். அதுதான் எம்.ஆர்.ஐயில் ஒன்றுமில்லை. விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமென்றால் ஒரு நிமிடமும் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், எந்த மருந்தும், முக்கியமாக சிப்ரொஃப்ளொக்சசின் மாதிரி அன்டிபயோட்டிக், கேட்காமல் எடுக்கக்கூடாது. எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்தார்.

மார்ச் 27, வெள்ளி
மயஸ்தீனியாவுக்கு எடுத்த இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் நெகட்டிவ். அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போய்விட்டா. எனக்குச் சந்தோஷம் இல்லை, பயம்தான். இந்தத் துண்டைப் பார்த்து யாராவது திரும்பவும் ஸ்ட்ரெஸ் என்று எழுதிவிடுவார்களோ?

மார்ச் 28
டொக்டரிடம் நேராகவே கேட்டேன், நெகட்டிவ் என்றால் இல்லை என்று அர்த்தமா? இல்லையாம். கண்ணில் மட்டும் இருப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு இந்தப் பரிசோதனை நெகட்டிவாகத்தான் வருமாம். அப்படியென்றால் அடுத்தது என்ன? தசைக்குள் மெல்லிய ஊசி வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது, கடிதம் தருகிறேன் என்றார். நெஞ்சு ஸ்கேனும் எடுக்கவேண்டும், தைமஸ் சுரப்பியைப் பார்க்க. கேட்காமல் எழும்பி வந்திருந்தால்?

மார்ச் 30
இரவு 8.25. விழுந்துவிட்டது.

ஏப்ரல் 2, வியாழன்
ஊசிச் சோதனைக்குத் திகதி தந்துவிட்டார்கள். காலை எட்டரையாம். திரும்பவும் போன் எடுக்கிறேன்.