அலறியவர்களின் பக்கம்

நான் நீக்கியது அரை வாக்கியம்தான். ரத்தம் குடிக்கும் வேம்பயரை ஒரு பெண் காதலிக்கும் ட்வைலைட் கதை வரிசையின் கடைசிப் படம் 2012 நவம்பரில் வெளியானபோது எங்கள் இதழுக்கு வந்த விமர்சனம் அது. உச்சக்கட்டப் போரில் நாயகனின் வளர்ப்புத் தந்தை கார்லைலின் தலை துண்டிக்கப்பட்டதும் அரங்கமே அலறியது என்று விமர்சகர் எழுதியிருந்தார். அதுவரை சரி. அதைத் தொடர்ந்து, சிந்திக்கத் தெரியாத சிறுமிகளுக்காக எடுத்த படத்துக்கு இதைவிடப் பொருத்தமான பின்னணி இசை கிடையாது என்று முடித்திருந்தார். அலறலை வைத்துக்கொண்டேன், சிறுமிகளை எடுத்துவிட்டேன்.

படத்தைப் பற்றி அவர் சொன்ன கடுமையான எதிலும் நான் கைவைக்கவில்லை. தூங்கும் பெண்ணை அவளுக்கே தெரியாமல் இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதைக் காதல் என்று காட்டும் கதை இது என்று ஒரு பத்தி முழுக்கச் சாடியிருந்தார். அது அப்படியே அச்சானது. அதில் எனக்கும் உடன்பாடுதான்.

இதழ் வெளிவந்த அன்று தொலைபேசியில் அழைத்தார்.

"உங்களுக்கு இந்தக் கதைகள் பிடிக்குமா?"

"இல்லை சார்."

"பிறகு யாருக்காக வெட்டினீர்கள்?"

"நம் பக்கத்தைப் படிக்கிற பிள்ளைகளுக்காக."

"விமர்சகன் திரையை மட்டும்தான் பார்க்க வேண்டுமா? அரங்கில் நடப்பதும் படத்தின் பகுதிதானே?"

"தாராளமாகப் பார்க்கலாம் சார். அவமதிக்க வேண்டாம்" என்றேன். அவர் வைத்துவிட்டார்.

அந்தப் பதில் அப்போது எனக்கு நிறைவாக இருந்தது. இப்போதும் அதில் பிழை இருப்பதாக நினைக்கவில்லை. 2009-இல் சான் டியேகோ காமிக்-கான் விழாவுக்கு ட்வைலைட் ரசிகைகள் திரண்டு வந்தபோது, விழாவையே ட்வைலைட் பாழாக்கிவிட்டது என்று சிலர் அட்டை எழுதிப் பிடித்து நின்றார்கள். தங்களுக்குப் பிடித்த நாயகனைப் போல உடையணிந்து வரிசையில் காத்துக்கிடப்பவர்கள் கூடும் விழா அது. ஒன்றின்மேல் பித்தாக இருப்பது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாதா? அவர்களே அந்தப் பெண்களுக்கு இடம் கொடுக்கவில்லை என்றால் வேறு யார் கொடுப்பார்கள்? பதினைந்து வயதுப் பெண் ஏதோ ஒன்றை நேசித்தால், அவள் நேசிப்பதே அந்தப் பொருளின் மட்டத்தைக் காட்டும் சான்றாகிவிடுகிறது. நான் வெட்டியது அந்தச் சான்றைத்தான்.

சில நாட்கள் கழித்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் பள்ளி மாணவி. நாங்கள் ஏன் அலறினோம் என்று உங்கள் விமர்சகர் யோசித்தாரா என்று கேட்டிருந்தாள். படத்துக்கு மூலமான, 2008-இல் வெளிவந்த நாவலில் அந்தப் போரே கிடையாது. இரு தரப்பும் எதிரெதிரே நிற்கும், போரில்லாமல் பேச்சிலேயே முடியும், கார்லைல் சாகமாட்டார். படத்தில் காட்டப்படுவது, எதிர்காலத்தைக் காணும் ஆற்றல் கொண்ட, கார்லைலின் குடும்பத்து ஆலிஸ் தன் எதிரி ஆரோவுக்குக் காட்டும் எதிர்காலக் காட்சி. அது காட்சிதான் என்று தெரியும்வரை, நாவலை வரிவரியாக அறிந்தவர்களுக்குக் காலடி நிலமே நழுவியதுபோல் இருந்தது. "படிக்காதவர்களுக்கு அது இன்னொரு சண்டை. எங்களுக்குத்தான் அது நடக்கவே கூடாதது" என்று எழுதியிருந்தாள்.

அதைப் பலமுறை படித்தேன். பிறகு நாவலையும் வாங்கிப் படித்தேன். அவள் சொன்னது சரி. நாவலை மனப்பாடமாக வைத்திருந்தவர்களைக் குறிவைத்தே அந்தக் காட்சியை அமைத்திருந்தார்கள். அந்த அரங்கில் மிகக் கூர்ந்த வாசகர்கள் அலறியவர்கள்தான். கடிதத்தை முழுமையாக வெளியிட்டேன்.

ரசிகர்கள் எப்போதும் கூர்ந்து படிப்பவர்கள் என்று இதிலிருந்து சொல்லிவிடலாமா? அதே 2012 மார்ச்சில், வேறொரு நாவலைத் தழுவிய ஹங்கர் கேம்ஸ் படம் வந்தபோது, ரூ என்ற சிறுமியாகக் கறுப்பினச் சிறுமி நடித்ததைப் பொறுக்காமல் சிலர் இணையத்தில் இழிவாக எழுதினார்கள். ரூவின் தோல் அடர் பழுப்பு நிறம் என்று நாவலே சொல்கிறது. கதையை நேசிப்பதாகச் சொன்னவர்கள் அந்த வரியைக் கண்ணால் தாண்டிப் போயிருந்தார்கள். ஆகவே எல்லா ரசிகரையும் ஒரே தட்டில் வைத்து மதிக்க என்னால் முடியவில்லை. மதிப்பு என்பது காரணத்தைக் கேட்பதா, கேட்காமலே கொடுப்பதா என்ற இடத்தில்தான் நிற்கிறேன். அந்த மாணவியிடம் காரணம் இருந்தது. ஆனால் அந்த வரியை நீக்கியபோது அது எனக்குத் தெரியாதே! வெறும் கதறலாகவே இருந்திருந்தாலும் நீக்கியிருப்பேன்.

கடிதம் வெளியானதும் விமர்சகர் மறுபடி அழைத்தார். கோபமில்லை. "அந்த வரி அச்சில் இருந்திருந்தால் இந்தப் பெண் என்னோடு நேருக்கு நேர் மோதியிருப்பாள். நான் பதில் சொல்லியிருப்பேன், அல்லது தோற்றிருப்பேன். அவளுக்குச் சண்டை போடத் தெரியாது என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள்" என்றார்.

இதுதான் என்னை விடாமல் அரிக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குச் சிந்திக்கத் தெரியாது என்று அவர் எழுதினார்; பதில் சொல்லத் தெரியாது என்று நான் எண்ணிவிட்டேனா? இல்லை என்று உடனே மனம் சொல்கிறது. ஒருத்தி கடிதம் எழுதினாள். எழுதாத மற்றவர்கள்? இப்படி ஒரு வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தைப் பாடநூலுக்குள் மறைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு, வாதாடும் வாய்ப்பு என்பது என்ன ஆறுதல்?

இப்போது அப்படி ஒரு வரி வந்தால் நானாக வெட்டுவதில்லை. அவர்கள் ஏன் அழுதார்கள், ஏன் கத்தினார்கள் என்று விசாரித்தீர்களா என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புகிறேன். சிலர் விசாரித்து எழுதுகிறார்கள். சிலர் வரியை எடுத்துவிடுகிறார்கள். ஒருவர் மட்டும் முன்பைவிடக் காட்டமாக்கி அனுப்பினார். பழைய விமர்சகரின் சொல்லை நினைத்துக்கொண்டு அதை அப்படியே வெளியிட்டேன். அதற்கு ஒரு கடிதமும் வரவில்லை. யாரும் புண்படவில்லையா, புண்பட்டவர்கள் எங்கள் பக்கத்தைப் படிப்பதையே நிறுத்திவிட்டார்களா என்பது எனக்குப் பிடிபடவில்லை.