சாமியின் வாய்க்குத்தான் பூட்டு

மார்ச் 5, 2025, புதன்

சாம்பல் புதன். பூசை முடிந்து வெளியே வரும்போது பங்குசாமி, எங்கள் கோயில் பாதிரியார், கூப்பிட்டார். மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் விடுதி வார்டன்களுக்கும் போக்சோ பற்றி, அதாவது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம் பற்றி, வக்கீலான நான் பேச வேண்டுமாம். "சத்துவாச்சாரி கோர்ட்டுல நீ தினமும் பாக்குறதுதானேம்மா" என்றார். சரி என்றேன். அப்புறம் குரலைத் தணித்து, "பாவசங்கீர்த்தனத்தைப் பத்தியும் கேப்பாங்க, தயாரா வா" என்றார்.

கேட்காமலா இருப்பார்கள்? செய்த பாவத்தைக் குருவிடம் தனியாகச் சொல்லி மன்னிப்புக் கேட்பதுதான் பாவசங்கீர்த்தனம். கேட்டதை அவர் யாரிடமும் சொல்லக்கூடாது. 2018-ல், பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை வைத்தே மிரட்டினார்கள் என்று கேரளத்து ஆர்த்தடாக்ஸ் பாதிரியார்கள் மீது ஒரு பெண் தரப்பில் புகார் கிளம்பியது. தேசிய மகளிர் ஆணையம் பாவசங்கீர்த்தனத்தையே ஒழிக்கப் பரிந்துரைத்தது. அம்மாவுக்கு அந்த ஆணையத்தின் மேல் இன்னும் கோபம்.

மார்ச் 8, சனி

சட்டங்களைப் புரட்டினேன். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதைச் சாட்சியச் சட்டம் காப்பாற்றுகிறது. கணவன் மனைவி பேச்சையும் காப்பாற்றுகிறது. சாமியாரிடம் சொன்னதைப் பற்றி ஒரு வரி இல்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்திலும் சேர்க்கவில்லை. போக்சோ பிரிவு 19 'எந்த நபரும்' என்கிறது. குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், நடக்கும் என்று பயம் இருந்தால்கூட, போலீஸில் சொல்லியாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழுள்ளவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை.

திருச்சபைச் சட்டம் நேர் எதிர். பாவசங்கீர்த்தன ரகசியத்தை உடைத்த குருவின் பதவியைப் பறித்து, ஆயுள் முழுக்க மடத்தில் அடைக்கச் சொன்னது ஆயர்கள் கூடிய 1215-ம் ஆண்டு லாத்தரன் சங்கம். இன்றைக்கு உடைத்தால் அந்த நொடியே சபைநீக்கம். ரோமாபுரி மனசு வைத்தால்தான் நீங்கும். பாவசங்கீர்த்தனக் கூண்டில் கேட்டதை வைத்து ஒரு ஆளை விடுதி வேலையிலிருந்து மாற்றக்கூட சாமியாருக்கு அனுமதி இல்லை.

2019-ல் வத்திக்கான் வெளியிட்ட குறிப்பும் கிடைத்தது. போலீஸில் சரணடைந்தால்தான் பாவமன்னிப்பு என்று நிபந்தனை போடக்கூடாதாம். படித்ததும் எரிச்சலாக வந்தது. ஆனால் அதே குறிப்பில் இன்னொன்றும் இருக்கிறது: வந்திருப்பவர் பாதிக்கப்பட்டவர் என்றால், அவருடைய உரிமை என்ன, எங்கே புகார் கொடுக்கலாம் என்று குருவே எடுத்துச் சொல்ல வேண்டும். இதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

மார்ச் 16, ஞாயிறு

கூட்டம். வேலூர் வெயிலுக்கு மார்ச்சிலேயே ஃபேன் காற்று அனலாக இறங்குகிறது. கோயிலில் மறைக்கல்வி சொல்லித் தரும் வயதான உபதேசியார்தான் முதலில் எழுந்தார். "ஏம்மா, கொலகாரன் வந்து சொன்னாலும் சாமி கம்முனு இருக்கணுமா?" அவ்வளவுதான், கொலைகாரனை விட்டு ஒருவரும் நகரவில்லை. சினிமா பார்த்து வளர்ந்த ஊர் நமது.

நான் பிள்ளைகள் பக்கம் இழுத்தேன். ஒரு பிள்ளைக்கு யாரோ கெடுதல் செய்கிறார்கள். அது தன் பாவம் என்று நினைத்து அந்தப் பிள்ளை முழங்கால் போடுகிறது. சாமி வெளியே சொல்ல முடியாது, சரி. பிள்ளை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாமே? "இது உன் பாவமில்லை, வெளியே வந்து சிஸ்டரிடம் இன்னொரு தடவை சொல்லு" என்று அவர் சொல்ல எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கூண்டுக்கு வெளியே பிள்ளை வாய் திறந்த பிறகு, கேட்ட அத்தனை பேருக்கும் பிரிவு 19 பொருந்தும்.

முடிந்து டீ குடிக்கும்போது ஒரு வார்டன் அக்கா பக்கத்தில் வந்து நின்றார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், குடிக்கவில்லை. ஒரு பிள்ளை அவரிடம் ஏதோ சொல்லியிருக்கிறது. யாரிடமும் சொல்லாதீங்க என்று சத்தியமும் வாங்கியிருக்கிறது. "பாவசங்கீர்த்தனம் மாதிரி நெனச்சு மனசுக்குள்ளயே வச்சிக்கினேன் மேடம்."

அக்கா குருவும் இல்லை, என் கட்சிக்காரரும் இல்லை. 'எந்த நபரும்' என்பதில் அவரும் உண்டு, கேட்ட நிமிடத்திலிருந்து நானும் உண்டு.

மார்ச் 17, திங்கள்

அக்காவோடு மகளிர் காவல் நிலையம் போய்ப் புகார் கொடுத்தாயிற்று. பிள்ளையின் அடையாளம் தெரியக்கூடாது என்பதால் இடம், ஆள் எதையும் இங்கே எழுத மாட்டேன். நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர்மேல் வழக்கு வராது என்று அதே பிரிவில் இருப்பதை அச்சடித்து அக்கா கையில் கொடுத்தேன். மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஃபோன்மேல் ஃபோன். "பெரியவங்ககிட்ட சொல்லியிருந்தா உள்ளுக்குள்ளயே முடிச்சிருப்போமே, பேர் கெட்டுப்போச்சே" என்றார் ஒருவர். அந்த 'உள்ளுக்குள்ளே'தான் எனக்குப் பயம். கூண்டுக்குள் இருக்கும் ரகசியத்தையாவது ஒரு சட்டம் கட்டிக் காக்கிறது. இவர்கள் காப்பது வெறும் மானம். அதற்குப் பாவசங்கீர்த்தனத்தின் மரியாதையை இரவல் வாங்கிக்கொள்கிறார்கள்.

மார்ச் 28, வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து சாமியோடு பேச்சு. முதல் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு, அடுத்தவர் செய்த கெடுதல் உங்கள் பாவம் ஆகாது என்பதையும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் சேர்த்துச் சொல்லித் தருகிறாராம். பெற்றோரில் சிலருக்குப் பிடிக்கவில்லை. பரவாயில்லை என்றார்.

"செஞ்சவனே வந்து சொன்னா?" என்று விடாமல் கேட்டேன்.

"நானே பிடிச்சுக் கொடுக்க முடியாதும்மா. தொரப்பாடி ஜெயிலுக்கு வேணா போறேன். பக்கத்துலதானே இருக்கு."

சட்டத்தில் உங்களுக்கு விலக்கு இல்லை, அடுத்த பிள்ளைக்கு நடந்தால் யார் பதில் சொல்வது என்றேன். அவரிடம் பதில் இல்லை. அவர் வாயைத் திறக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அப்படி வழக்கு வந்தால் நான்தான் ஆஜராக வேண்டுமாம். ஃபீஸ் வாங்குவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.